கை வைக்காத ஒரு குரல்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இறங்கி உள்ளே மூன்றாவது தெருவுக்குப் போனால், மாடிச் சன்னலை மெத்தையால் அடைத்த வீடு ஒன்று இருக்கிறது. தெரியாதவர்கள், மேலே யாரோ படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார் என்று எண்ணிக்கொண்டு தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மெத்தை உண்டு, நோயாளி கிடையாது. அது ஜெர்சன் பாட்டுப் பதிவு செய்கிற அறை.

ஜெர்சனுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. சிறுசேரியில் ஆறு வருஷம், அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தான். தப்பையே தேடித் தேடி மனசு புளித்துப்போய், வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தான். இங்கேயும் நாள் முழுக்கத் தப்பைத்தான் தேட வேண்டும் என்பது வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது, வந்தாயிற்று.

அவன் அம்மா தபீதாள் கீழே இருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடும்போது கை நடுங்காதவள், பொய் சொன்னால் முகம் மாறாதவள். நோயாளியிடம் "சரியாயிடும்" என்று முப்பது வருஷம் சொன்னவளுக்கு முகம் எப்படி மாறும்?

அவளுடைய புடவை பீரோவைத்தான் ஜெர்சன் முதலில் மாடிக்கு ஏற்றினான்.

"எதுக்குடா என் பீரோ உனக்கு?"

"இங்க நின்னு ஒரு தரம் கை தட்டும்மா."

தட்டினாள். வெற்றுச் சுவரில் பட்டு இன்னொரு கைத்தட்டல் திரும்பி வந்தது.

"கேட்டுச்சா? பாடினா அதுவும் இப்படித் திரும்பி வந்து மைக்குல ஏறிடும். ஏறினத அப்புறம் எந்த சாஃப்ட்வேர் வெச்சாலும் முழுசா இறக்க முடியாது. சத்தத்தக் குடிக்க துணி வேணும்."

பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பீரோவைத் திறந்து வைத்தான். கல்யாணப் பட்டிலிருந்து வெள்ளை நர்ஸ் புடவை வரை மடித்தும் தொங்கவிட்டும் நாற்பது வருஷத்துத் துணி. சத்தம் அதற்குள் போனால் வெளியே வராது. "தாம்பரத்துல பாதிப் பேரு என் புடவைக்கு முன்னாலதான் பாடியிருக்காங்க" என்று தபீதாள் பெருமையாய்ச் சொல்லிக்கொள்வாள்.

அவன் தொழிலில் சில பிடிவாதங்கள் வைத்திருந்தான். குரலை உள்ளே வாங்கும்போது குறைவாக வாங்க வேண்டும். திரையில் விளக்கு சிவப்பைத் தொடக் கூடாது. குழம்பில் உப்பு குறைந்தால் பிறகு போடலாம், கூடிவிட்டால் ஊரையே கூட்டினாலும் நடக்காது. மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும், அதுவும் நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி; இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் அடுப்பு ஊதுகிற மாதிரி இருக்கும். முக்கால் மணி நேரம் கேட்ட காதை நம்பக் கூடாது. எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார வேண்டும். ஒரு குரல் கேட்கவில்லை என்றால் அதை ஏற்றாதே, அதை மறைக்கிறவனை இறக்கு.

இவற்றை எல்லாம்விட இரண்டு பெரியவை. ஒன்று, முதலில் பதிவான குரலை அழிக்கவே கூடாது. எத்தனை வேலை செய்தாலும் அது நகலில்தான். அசல், கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு டிஸ்கில் ஒன்று, சிநேகிதன் எபி வீட்டு அலமாரியில் ஒன்று என மூன்று இடத்தில் கிடக்கும். வீடு எரிந்தாலும் பாட்டு எரியாது.

இரண்டாவது, ஒரு குரலைத் தனியாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. திரையில் ஒவ்வொரு குரலுக்கும் எதிரே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மற்றவர்கள் எல்லாம் ஊமையாகி, அந்த ஒரு குரல் மட்டும் கோவணம்கூட இல்லாமல் நிற்கும். எச்சில் விழுங்குவது, மூச்சு இழுப்பது, சுருதியில் கால் இடறுவது எல்லாம் தெரியும். எவ்வளவு பெரிய பாடகரும் அப்படி நின்றால் அசிங்கம்தான். அதனால் அந்தப் பொத்தானைப் பாடினவர் எதிரிலேயோ மற்றவர் எதிரிலேயோ ஜெர்சன் அழுத்தவே மாட்டான்.

அப்படி ஒரு வைராக்கியம் அவனுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். பெயர் தேவானந்தம்.

தேவானந்தம் கணக்கு வாத்தியார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சபையில் முப்பத்திரண்டு வருஷம் கொயர் மாஸ்டர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக இரண்டு கால் உள்ள சின்ன இரும்புக் கவை இருக்கும். முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தால் அது ஒரே ஒரு சுரம் பேசும், அதுதான் சுருதி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் எல்லாரையும் பாட விட்டுவிட்டு வரிசைக்குள் புகுந்து நடப்பார். ஒவ்வொரு வாயிடமும் காதைச் சாய்ப்பார். சுருதி இறங்குகிற வாய் அகப்பட்டால், அந்தக் கவையால் அந்தத் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான், திட்டு கிடையாது. தட்டு வாங்கியவர் அதற்குப் பிறகு வாயை அசைக்கலாம். சத்தம் வரக் கூடாது. அங்கி உண்டு, வரிசையில் இடம் உண்டு, கையில் பாட்டுப் புத்தகம் உண்டு. குரல் மட்டும் கிடையாது. சபைக்கு முன்னால் ஆள் கணக்குக் குறையக் கூடாது பாருங்கள்.

ஜெர்சன் தட்டு வாங்கியது பதினாறு வயதில். குரல் உடைகிற வயசு, யாருக்குத்தான் நிற்கும்? இரண்டு வருஷம், இரண்டு கிறிஸ்மஸ், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். பக்கத்தில் நின்ற எபியும் அதே மீன்தான்.

முதல் கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் தபீதாள் அவன் கன்னத்தைப் பிடித்தாள். அவள் புருஷன் போய் அப்போது ஒரு வருஷம்.

"அத்தனை பேருக்கு நடுவுல உன் குரல் தனியா கேட்டுச்சுடா."

அவன் என்ன சொல்வான்? தலையை ஆட்டினான். தபீதாள் அதை அத்தோடு விடவில்லை. வார்டில் சொன்னாள், பெண்கள் ஐக்கியத்தில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னாள். இருபது வருஷம் ஆகியும் கிறிஸ்மஸ் வந்தால் சொல்லிவிடுவாள். ஜெர்சன் ஒவ்வொரு முறையும் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொள்வான். அவனுக்கு இருந்த ஒரே பயம், தான் வாயை மட்டும் அசைத்த கதை அவள் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான்.

அந்தச் சபைக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு வந்தது. எட்டுப் பாட்டு பதிவு செய்து வீட்டுக்கு ஒரு பென் டிரைவ் கொடுப்பது என்று முடிவானது. தேவானந்தத்துக்கு எழுபத்தொன்று நடக்கிறது; இதோடு பொறுப்பை விடுகிறார். கடைசிப் பாட்டு அவரே எழுதி மெட்டமைத்தது. அதில் மூன்றாம் சரணத்தை அவர் தனியாகப் பாடுவார்; கடைசியில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். எபி இப்போது கொயர் செயலாளர். அவன்தான் வேலையை ஜெர்சனிடம் கொண்டு வந்தான்.

"அந்தாளுதான் மச்சான். முடியும்னா சொல்லு, இல்லன்னா வேற எடம் பாக்குறேன்."

"வரட்டும்" என்றான் ஜெர்சன். "பாட்டுல என்ன இருக்கு."

அறை சின்னது. கொயரின் இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகத்தான் நிறுத்தினான். வளையலைக் கழற்றச் சொன்னான். பட்டுப் புடவை சலசலக்கும் என்று நூல் புடவை கட்டி வரச் சொன்னான். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடி, மறு காதைத் திறந்து வைக்கச் சொன்னான், தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று. மின்விசிறியை நிறுத்தினான். வேர்த்து விறுவிறுத்துப் பாடிவிட்டுப் போனார்கள்.

தேவானந்தம் கடைசியாக வந்தார். மைக்கின் முன்னால் நின்று கவையை முழங்காலில் தட்டினார். அந்த நேரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் உறுமியது.

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர். அது போயிடட்டும்."

"அது என் சுருதியிலதான்டா போகுது, பயப்படாத" என்றார். எபி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

பாடினார். ஜெர்சனுக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. வயசு எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் செய்கிறது. நீண்ட சுரங்களில் குரல் ஆடியது. ஆடி, கால் சுரம் கீழே போய் உட்கார்ந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒரு நிம்மதியோடு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒரே டேக். போதும்ல?"

"இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கலாம் மாஸ்டர், எதுக்கும்."

"கணக்கு சரியா வந்தா ரெண்டாந்தரம் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மத்தவங்கள ஒவ்வொருத்தரா போடு. கேக்கணும்."

"சேத்துக் கேளுங்க மாஸ்டர். தனியா கேட்டா எல்லாருமே..."

"போடுடா."

கையை நீட்டிப் பொத்தானைத் தானே அழுத்தினார். இருபத்திரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்த அறையில் அம்மணமாய் நின்றார்கள். "இது யாரு, ரத்தினபாயா? சோறு வெந்துடுச்சுன்னு குக்கர் சொல்ற மாதிரி இருக்கு." "இவன் மூச்சு விடறதப் பாரு, சைக்கிள் பம்ப்பு." எபியின் குரல் வந்தபோது எபி பக்கத்திலேயே நின்றான். "இவன நான் முப்பது வருஷத்துல ஒரு தரம்தான் தட்டினேன். அதே எடத்துல இன்னும் நிக்கிறான்." எபி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

போகும்போது உத்தரவு போட்டார். "சுருதி சரி பண்ற மிஷின் இருக்காமே. எல்லாரையும் அதுல போட்டு எடு. ஒருத்தரு பாக்கி இல்லாம. என் குரல்ல மட்டும் கை வெக்காத. மிஷின் பட்டதுன்னு தெரிஞ்சா எனக்கு அவமானம்."

ஜெர்சன் ஒன்பது நாள் உட்கார்ந்தான். அந்த வேலையைச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. குரல் திரையில் நெளிநெளியாய் ஒரு கோடாகத் தெரியும். தொய்கிற இடத்தில் கோட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்க வேண்டும். முழுக்க நேராக்கினால் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். மனிதர் பாடினார் என்று தெரிகிற அளவுக்கு நெளிவை விட்டுவைக்க வேண்டும். எதிரொலி பெருங்காயம் மாதிரி, வாசம் வரலாம், பல்லில் கட்டி அகப்படக் கூடாது. சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்டான். பெரிய ஸ்பீக்கரில் கேட்டான், போனில் கேட்டான், முனிரத்தினத்தின் ஷேர் ஆட்டோவில் ஏறி கேம்ப் ரோடு வரை போய் அந்தக் கிழிந்த ஸ்பீக்கரிலும் கேட்டான். ரத்தினபாயின் குரல் பட்டு மாதிரி வந்தது. எபியின் குரலைக் கேட்டு எபியே நம்ப மாட்டான்.

ஒன்பதாம் நாள், தேவானந்தத்தின் சரணத்தையும் திறந்தான். பதினான்கு இடம். கைவைக்காதே என்று சொன்னவர்தான். ஆனாலும் கிழவர் கடைசியாகப் பாடுகிற பாட்டு. மற்றவர்களை எல்லாம் நிமிர்த்திவிட்டு அவரை மட்டும் கூனலாய் நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. பதினான்கு இடத்தையும் யாருக்கும் தெரியாதபடி மெல்லத் தூக்கிவிட்டான். இரக்கம்தான், வேறொன்றுமில்லை. அவரிடம் சொல்லப் போவதுமில்லை. அந்த வேலையை ஒன்பதாம் எண் போட்டுச் சேமித்தான்.

மறுநாள் அவர் வந்து கேட்டார். தன் சரணம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் முழங்காலில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தியா? அத்தனை பேருக்கும் மிஷின் தேவைப்பட்டுச்சு. எழுபத்தொண்ணுல நான் எப்படி நிக்கிறேன் பாத்தியா?"

"ஆமா மாஸ்டர்" என்றான் ஜெர்சன்.

கீழே தபீதாள் காபி போட்டு வைத்திருந்தாள். முறுக்குத் தட்டை நகர்த்தினாள். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். நல்ல மனநிலையில் இருக்கும் வாத்தியார் வாயிலிருந்து என்ன வரும் என்று சொல்ல முடியாது.

"சிஸ்டர், உங்க பையனுக்கு இப்ப காது நல்லா திறந்துடுச்சு. அந்தக் காலத்துல ரெண்டு வருஷம் இவன வாயை மட்டும்தான் அசைக்க விட்டேன். ஒரு பொட்டு சத்தம் வரக் கூடாதுன்னு. கெட்டிக்காரன், ஒருநாள்கூட மீறல." முறுக்கை உடைத்தார். "உங்களுக்குத் தெரியும்ல?"

ஜெர்சன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியுமே மாஸ்டர்" என்றாள் தபீதாள். முகம் மாறவில்லை. "சக்கரை போதுமா?"

அவர் போன பிறகு டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரை மறுபடி கழுவினாள்.

"ரெண்டு கிறிஸ்மஸுமா?"

"ம்."

"அப்ப நான் கேட்டது யார் குரலுடா?"

"தெரியலம்மா."

"எபி குரலா இருக்குமோ?"

"அவனும் வாயத்தான் அசைச்சான்."

தபீதாள் குழாயை மூடினாள். "கொயர்ல எல்லாருக்கும் தெரியும், இல்ல?"

அவன் குனிந்துகொண்டான்.

"நான் சொல்லும்போதெல்லாம் தலைய ஆட்டுவாங்களே. ரத்தினபாய், ஆமா தபீதா, கணீர்னு கேட்டுச்சுன்னுகூட சொன்னாளே." கையைத் துடைத்துக்கொண்டாள். "இருபது வருஷமா என்ன வெச்சு சிரிச்சிருக்காங்க. நீயும் சேந்து."

"நான் சிரிக்கலம்மா."

"சொல்லவும் இல்ல."

அன்றைக்கு அவள் சமைத்தாள், சாப்பிட்டாள், ஜெப வேளையில் முழங்காலும் போட்டாள். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜெர்சன் மாடிக்குப் போய் ஒன்பதாம் எண்ணைத் திறந்தான்.

பதினான்கு இடத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினான். தூக்கியதைவிட இறக்குவது சுலபம். ஒரு விரல் போதும். அத்தோடு நிறுத்தியிருந்தாலும் ஒரு மாதிரி. நிறுத்தவில்லை. அந்தக் குரலைச் சுற்றிப் போர்த்தியிருந்த எதிரொலியை உருவினான். பின்னணி ஆர்கனைக் குறைத்து அவர் குரலுக்கு வழிவிட்டான். ஒரே சுரத்தில் நேராக நிற்கும் ஒரு மெல்லிய இழையை மட்டும் கீழே ஓட விட்டான், கோணலைப் பார்க்கக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. மற்ற இருபத்திரண்டு பேரும் தேய்த்து மடித்த துணி போல நின்றார்கள். அவர் சொன்னபடி, அவர் குரலில் மட்டும் கை படவில்லை. பத்தாம் எண் போட்டுச் சேமித்தான். நல்ல வேலைக்காரன் செய்த கெட்ட வேலை. ஒரு பிசிறு கிடையாது.

எபி வந்து பென் டிரைவில் ஏற்றப் பாட்டுகளை வாங்கிப் போகும்போது கேட்டான். "மாஸ்டர் ஓகே சொல்லிட்டாரா மச்சான்?"

"கேட்டுட்டுத்தான் போனாரு."

எழுபத்தைந்தாம் ஆண்டு ஆராதனைக்குச் சபை நிரம்பி வழிந்தது. பிரசங்கம் முடிந்ததும் கடைசிப் பாட்டை மட்டும் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். முந்நூறு வீட்டுப் பென் டிரைவும் வாசலில் பெட்டியில் தயாராக இருந்தது. தேவானந்தம் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார், சந்தன மாலை போட்டிருந்தார்கள். கொயர் அங்கியோடு வரிசையில் நின்றது. பாடுகிற வேலை இல்லை அவர்களுக்கு, கேட்கிற வேலை.

முதல் இரண்டு சரணம் வானத்தில் போனது. சனம் தங்கள் சபையா இப்படிப் பாடுகிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மூன்றாம் சரணம் வந்தது. தேவானந்தம் இடது கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் நீண்ட சுரத்தில் குரல் சறுக்கியது. தனியாக இருந்தால் வயசு என்று விட்டிருப்பார்கள். அத்தனை நேர்த்திக்கு நடுவில் அது சலவைச் சட்டையில் சிந்திய சாம்பார் மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை காதைப் பொத்தினாள். அவள் தாய் கையை இழுத்துவிட்டாள். நாலாவது சறுக்கலில் தேவானந்தத்தின் கை நின்றது.

கொயர் வரிசையில் யாரோ தொடங்கினார்கள். தோள்கள் குலுங்கின. ரத்தினபாய் புத்தகத்தை முகத்துக்குத் தூக்கினாள். எபி உதட்டைக் கடித்துக் கூரையைப் பார்த்தான். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் வராமல் வாயை அசைக்க அவரேதான் அவர்களுக்குப் பழக்கியிருந்தார்.

இன்னும் பத்து இடம் பாக்கி இருந்தது. அத்தனையும் ஓடி முடிகிற வரை அவர் அங்கேயேதான் நின்றார். மாலையைக் கழற்ற முடியாதே.

ஜெர்சன் பின் வாசலருகே நின்று பார்த்தான். பதினான்கையும் எண்ணினான். நினைத்திருந்த அளவுக்கு இனிக்கவில்லை. என்றாலும் கசக்கவும் இல்லை. தபீதாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.

புதன்கிழமை காலையில் தேவானந்தம் ராஜகீழ்ப்பாக்கம் வந்தார். மாடிப்படி ஏறவே நாலு முறை நின்றார்.

"அன்னைக்கு நான் இங்க கேட்டது இது இல்லியேப்பா."

"அதேதான் மாஸ்டர்."

"அன்னைக்கு நல்லா நின்னுச்சே குரலு."

"கை வெக்காதன்னு சொன்னீங்க. வெக்கல." திரையில் அவர் கோட்டைக் காட்டினான். "பாருங்க, அப்படியே இருக்கு."

அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். கணக்கு வாத்தியார், கோடு எங்கே இறங்குகிறது என்று புரியாமலா இருக்கும்? விரலை வைத்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு எனக்கு மட்டும் சரியா கேட்டிருக்கு."

ஜெர்சன் கோட்டை இன்னும் பெரிதாக்கிக் காட்டினான்.

"அப்ப காதுதான் போயிருக்கு. எவ்வளவு நாளா போச்சோ." தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு குரலை இறக்கினார். அந்த மனிதர் யாரிடமும் குரலை இறக்கிக் கேட்டதில்லை. "என்னையும் அவங்க மாதிரி சரி பண்ணிடுப்பா. வீட்டு வீட்டுக்குப் போனத நான் எடுத்துட்டு மாத்திக் குடுக்குறேன். நானே போய்க் குடுக்குறேன்."

பீரோ திறந்துதான் இருந்தது. பட்டுப் புடவைக்கு அடியில் டிஸ்கின் நீல ஓரம் தெரிந்தது. அசலும் ஒன்பதாம் எண்ணும் அதில் இருந்தன, கம்ப்யூட்டரில் இருந்தன, எபி வீட்டில் இருந்தன. ஒரு பொத்தான், அரை நிமிஷ வேலை.

"ஒரிஜினல் இல்ல மாஸ்டர்" என்றான் ஜெர்சன். "டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு. அழிச்சிட்டேன். இங்க தெரியறது வெறும் கோடுதான். கலந்துட்ட பாட்டுல இருந்து ஒங்க குரல மட்டும் பிரிக்க முடியாது."

"நான் வேணா திரும்பப் பாடட்டுமா?"

"பாடலாம் மாஸ்டர். ஆனா சரியா வந்துச்சான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கவை அங்கேதான் இருந்தது. எடுக்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

படிக்கட்டின் பாதியில் காபி டம்ளரோடு தபீதாள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவரிடம் டம்ளரை நீட்டினாள்; அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவள் மேலே வந்து, புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த டிஸ்கை உள்ளே தள்ளி, பீரோவைச் சாத்தினாள். அத்தனை நாளைக்குப் பிறகு மகனிடம் பேசினாள்.

"காபி ஆறுது. குடி."

சாயங்காலம் எபி போன் செய்தான். "அசல் என்கிட்ட இருக்கே மச்சான். அந்தாளு என்கிட்டயும் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியாமலே இருக்கட்டும்."

கொயர் பொறுப்பு எபிக்குப் போனது. யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: தேவானந்தம் சபையை விட்டுப் போகவில்லை. பின் வரிசையில் ஒரு இடம் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் நின்ற கால், வேறு எங்கே போகும்? எபி கொடுத்தான், தட்டவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமையிலிருந்தே கிழவர் வாயை மட்டும்தான் அசைத்தார். தோளில் தானே தட்டிக்கொண்ட மாதிரி.

கிறிஸ்மஸ் வந்தது. ஆராதனை முடிந்து கேக் கொடுக்கிற இடத்தில் அவர் அங்கியோடு ஓரமாய் நின்றிருந்தார். சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. தபீதாள் நேராக அவரிடம் போனாள். பின்னால் ஸ்கூட்டர் சாவியோடு ஜெர்சன். அவள் காது நல்ல காது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமும் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர்" என்றாள். முகம் மாறவில்லை. "அத்தனை பேருக்கு நடுவுல உங்க குரல் தனியா கேட்டுச்சு."

தேவானந்தம் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாக ஜெர்சனைப் பார்த்தார். ஜெர்சன் குனிந்து செருப்பைத் தேடவில்லை. கிழவர் என்ன சொல்வார்? தலையை ஆட்டினார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார்.

தபீதாள் தன் கேக்கில் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரில் ஏறினாள். போகிற வழியில் கறிக்கடையில் நிறுத்தச் சொன்னாள். கூட்டமாக இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவளிடம், தன் மகன் பாட்டுப் பதிவு செய்கிறான் என்றும், குரலைக் கேட்பதில் அவனைப் போல ஒரு காது தாம்பரத்திலேயே கிடையாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.